கருப்பையாவை முதலில் அனுப்புங்கள்

இந்த ஊரில் எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். காலையில் அலுவலகத்துக் காபி இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருப்பேன். என்னைவிட இரண்டு வயது சிறியவளான காத்ரின், "மோர்கன், கருப்பையா" என்று வணக்கம் சொல்லிவிட்டுத் தன் கோப்பையை நீட்டுவாள். ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதமாகிறது. குளிர் பழகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடப்பது பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் அப்பா எனக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

என் பெயர் செல்வம். பள்ளிச் சான்றிதழில் க. செல்வம். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க, சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ப்ரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன், "இனிஷியல விரிச்சு எழுதணும் தம்பி, இல்லன்னா திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். விரித்தார். கருப்பையா செல்வம் என்று ஆனேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் பாஸ்போர்ட் எடுத்தவர் கிடையாது, படிவம் ஒன்றை முழுதாக நிரப்பியவரும் கிடையாது. அதனால் அதில் ஒரு சிக்கல் இருக்கும் என்று சொல்லவும் ஆள் இல்லை. இந்த நாட்டில் முன்னால் வருவதுதான் ஆளின் பெயர், பின்னால் வருவது குடும்பப் பெயர். முதல் நாள் மேலாளர் கை நீட்டி, "வாருங்கள், கருப்பையா" என்றபோது, அது நான் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நம் ஊரில் பெரியவர் ஒருவர் கூப்பிட்டால் திருத்துகிற வழக்கமில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அதற்குள் மின்னஞ்சல், கதவு அட்டை, மேசைப் பலகை எல்லாவற்றிலும் அப்பா ஏறிவிட்டார்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. நான் சொன்னதே இல்லை. அம்மாவுக்கு அவர் 'ஏங்க', இல்லாவிட்டால் 'உங்கப்பா'. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டால் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், நான் காகிதத்தில் எழுதிக் காட்டுவேன். அப்படிக் காப்பாற்றிய பெயரை இங்கே இருபது பேர் காபிக்கு நடுவே சொல்கிறார்கள். ஆனாலும் அதுவரை எனக்குச் சங்கடம்தான் இருந்தது, அருவருப்பு இல்லை. அருவருப்பு வந்தது ஒரு விளையாட்டால்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, எங்கள் குழுவில் நாலைந்து பேர் அலுவலகச் சமையலறையில் கூடுவார்கள். யோனாஸ்தான் அதற்குத் தலைவன். என் ஓராண்டு ஒப்பந்தம் முடியும்போது என்னைப் பற்றி அறிக்கை எழுதப் போகிறவனும் அவன்தான். பெரிய திரையில் பழைய கணினி விளையாட்டு ஒன்றை ஓடவிடுவான். வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பூமிக்கு இறங்குகிறார்கள். நாம் ஒரு சின்னப் படையை விமானத்தில் ஏற்றிப் போய் அவர்களுடைய கப்பலைக் கைப்பற்ற வேண்டும். அவசரமே கிடையாது, நம் முறை, அவர்கள் முறை என்று மாறி மாறி வரும். நம் முறையில் ஒவ்வொரு வீரனையும் எத்தனை அடி நகர்த்துவது, எங்கே குனிய வைப்பது என்று யோசித்து யோசித்துச் செய்யலாம். செத்தவன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். வீரர்களுக்கு நமக்குப் பிடித்த பெயரை வைக்கலாம்.

திரையில் அந்தப் பச்சை எழுத்துகளைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "இது எனக்குத் தெரியும்" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். இந்த நாட்டில் எனக்கு முன்பே தெரிந்திருந்த முதல் பொருள் அதுதான். யோனாஸ் என் தோளில் தட்டினான். படையில் அவர்கள் எல்லோருடைய பெயரும் ஏற்கெனவே இருந்தது. எனக்காக ஒரு புதிய ஆளைச் சேர்த்து 'கருப்பையா' என்று தட்டினான். நானும் அவர்களில் ஒருவன் என்று அன்றைக்கு அறைக்குப் போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அந்த விளையாட்டை நான் கற்றது ஸ்ரீரங்கத்தில். பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ரங்கராஜன். உத்தர வீதியில் வீடு. அவன் அப்பா அலுவலகத்திலிருந்து கழித்துப் போட்ட கணினி ஒன்று அவன் அறையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிப் போய்விடுவேன். ஆரம்பத்தில் எனக்கு ஆடத் தெரியவில்லை. கப்பலின் கதவுக்குப் பின்னால் எவன் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று வெளியே இருந்து தெரியாது. நான் நல்ல ஆளாகப் பார்த்து அனுப்புவேன், அவன் சுருண்டு விழுவான்.

"நீ ஏன்டா நல்லவனா பாத்து அனுப்பற?" என்பான் ரங்கராஜன். "நேத்து சேந்தானே ஒருத்தன், அவன அனுப்பு. அவன யார் சுடறாளோ அவாள நம்ப பின்னாடிலேர்ந்து சுட்டுடலாம். போனா போறான், அடுத்த மாசம் வேற ஆள் வருவான்."

எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே அப்பாவிடம் சொன்னேன். படித்த பையன் ஏதோ சொல்கிறான் என்று அவர் எப்போதும் கவனமாகக் கேட்பார், இடது காது கேட்காது என்பதால் தலையைச் சாய்த்துக்கொண்டு. "புதுசா வந்தவனத்தான்ப்பா முதல்ல அனுப்பணும். அதான் டெக்னிக்" என்றேன்.

"ஆமா, எங்க மேஸ்திரியும் அதான் பண்ணுவாரு" என்றார் அப்பா. "நான் சேந்த புதுசுல என்னத்தான் எறக்குவாரு. ரசம் ஊத்து."

அப்பா கிணறு வெட்டுகிறவர். மணப்பாறைப் பக்கம் மண்ணுக்குக் கீழே பத்தடியில் பாறை வந்துவிடும். குழி போட்டு வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். எட்டுக் குழிக்கு வெடி வைத்தால் மேலே நின்று எட்டுச் சத்தம் எண்ண வேண்டும். ஏழுதான் கேட்டது என்றால் ஒன்று வெடிக்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஒரே நேரத்தில் வெடித்திருந்தாலும் ஏழுதான் கேட்கும். எது என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். புகை அடங்கியதும் இரும்புத் தொட்டியில் ஒரு ஆளை இறக்குவார்கள். அவர் கல்லைத் தடவிப் பார்த்து, சரி என்று குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். என் அப்பாதான் அந்த ஒரு ஆள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நான் ரசத்தை ஊற்றினேன், கப்பலைப் பற்றி மேலும் பேசினேன்.

இங்கே வியாழக்கிழமைகளில் கருப்பையா சாகத் தொடங்கினார். ஒரு வாரம் கதவைத் திறந்ததும் நெஞ்சில் குண்டு. அடுத்த வாரம் அதே பெயரில் இன்னொரு ஆள், அவருக்கும் அதே கதவு. "கருப்பையாவை முதலில் அனுப்பு" என்பது எங்கள் குழுவில் வழக்குமொழியே ஆகிவிட்டது. பிரிட்ஜில் காலாவதியான தயிர் இருந்தாலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வெள்ளைப் பலகையில் காத்ரின் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிலுவை வரைந்து வந்தாள். யோனாஸ் ஒருநாள் திரையைக் காட்டி, "கனோனன்ஃபுட்டர்" என்றான். அர்த்தம் புரியாமல் தலையாட்டிவிட்டு அப்புறம் செல்போனில் பார்த்தேன். பீரங்கிக்குப் போடுகிற தீனியாம்.

நான் சிரித்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். பத்துப் பதினைந்து சிலுவை வரைக்கும் நானும் சேர்ந்து சிரித்தேன். அறிக்கை எழுதப் போகிறவன் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் விளையாட்டு எனக்குக் குமட்டத் தொடங்கியிருந்தது. சிறு வயதில் கண்ணில் படாத ஒன்றொன்றும் இப்போது பட்டது. சண்டை முடிந்ததும் ஒரு பட்டியல் வரும், செத்தவர்கள் இத்தனை, கைப்பற்றிய துப்பாக்கிகள் இத்தனை என்று இரண்டும் ஒரே அளவு எழுத்தில். பிணங்களை அறுத்துப் பார்க்க ஒரு அறை. ஆண், பெண், கிழவன் யார் விழுந்தாலும் அதே ஒரு அலறல். இதையா நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் ஆடினேன்? இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் மூன்று படி ஏணியில் ஏறி பல்பு மாற்றக்கூட, அதற்கென்று பயிற்சி எடுத்தவர் ஒருவர்தான் வர வேண்டும். நான் ஒருநாள் நாற்காலியில் ஏறி ஜன்னலைச் சாத்தப் போனபோது யோனாஸ் பதறிப்போய் என் கையைப் பிடித்து இறக்கினான். அந்த அக்கறை பொய் இல்லை. அதே கைதான் வியாழக்கிழமை என் அப்பாவின் பெயரைக் கதவுக்கு அனுப்புகிறது. அந்தக் கையை வெறுப்பதா, அதற்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை வெறுப்பதா என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மாதான் முதலில் பேசினாள்.

"அந்தப் பேரயா சொல்லிக் கூப்புடுறாங்க? அந்தப் பேர வச்சா சாவடிக்கிறாங்க?"

"வெளையாட்டும்மா."

"என்ன வெளையாட்டு? நான் முப்பது வருசமா வாயால சொன்னதில்ல. நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியா?"

அப்பா போனை வாங்கினார். அவருக்குக் கோபமே இல்லை. "எத்தன தடவ செத்தேன்?" என்று கேட்டார்.

"பதினாறுப்பா."

"பதினாறா?" சிரித்துவிட்டார். "இருவத்தாறு வருசமா எறங்குறேன், ஒரு தடவ கூட சாகல. அவங்களுக்கு ஆள எறக்கத் தெரியலடா. புகை அடங்க எவ்ளோ நேரம் விடுறாங்க?"

"அதெல்லாம் அதுல இல்லப்பா."

"புது ஆளயா அனுப்புறாங்க? அது தப்பாச்சே. புது ஆளு பயத்துல எங்கயாச்சும் கால வச்சிருவான். அதான் அப்புறம் எவன் சேந்தாலும் நானே எறங்கிருவேன். அவன் பேச்ச நம்பி அப்புறம் எறங்குறது நம்ம உசுருல்ல."

பின்னாலிருந்து அம்மா, "மொதல்ல அந்தப் பேர அங்கேருந்து எடுக்கச் சொல்லுங்க அவன" என்றாள். "எடுத்துட்டுத்தான் எனக்குப் போன் பண்ணணும்."

வியாழக்கிழமை வந்தது. விமானம் தரையிறங்கி, யோனாஸ் வழக்கம்போல மவுஸை நகர்த்தியபோது, நிறுத்தச் சொன்னேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். அது என் பெயர் இல்லை. என் அப்பாவின் பெயர்" என்றேன்.

காத்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள். "உன் அப்பா இறந்துவிட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லை. நன்றாக இருக்கிறார்."

"உங்கள் மதத்தில் தடையா?" என்றான் யோனாஸ்.

"மதம் இல்லை. அவர் கிணற்றில் முதலில் இறங்குகிறவர்." வெடி, புகை, தொட்டி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். தலையாட்டினார்கள். என் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள், விஷயம் போய்ச் சேரவில்லை. ஆனால் யோனாஸ் நல்லவன். காது சிவந்து போய் மூன்று முறை மன்னிப்புக் கேட்டான். காத்ரின் பலகையிலிருந்த சிலுவைகளைத் தன் சட்டைக் கையாலேயே அழித்தாள். "உன் பெயர்தான் என்ன?" என்று கேட்டார்கள். சொன்னேன். அதை ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். யோனாஸ் அந்த வீரனின் பெயரை 'செல்வம்' என்று மாற்றி, விமானத்தின் கடைசி வரிசையில், யாரும் சுட முடியாத இடத்தில் நிறுத்தினான். பிறகு எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தான். "இன்றைக்கு நீதான் தலைவன். யார் போவது என்று நீயே சொல்."

உட்கார்ந்தேன். மவுஸ் என் கையில். கப்பலின் கதவு சாத்தியிருந்தது. பட்டியலில் யோனாஸ், காத்ரின், மற்ற நண்பர்கள், செல்வம். எல்லோருக்கும் கீழே, அன்றுதான் சேர்ந்த இகோர் என்று ஒருவன், கணினியே பெயர் வைத்தவன். நான் யோசிக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்பா சொன்னது நாலு நாளாகக் காதில் இருந்தது. ஆனாலும் என் விரல் உத்தர வீதியில் கற்றதைச் செய்தது. இகோரை நடத்திக் கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன். அந்த அலறல் வந்தது. சுட்டவன் வெளியே தெரிந்தான், பின்னாலிருந்து யோனாஸ் பெயருள்ள வீரன் அவனை வீழ்த்தினான்.

"கூட் கெமாஹ்ட், செல்வம்" என்று மேசையைத் தட்டினார்கள். நன்றாகச் செய்தாய் என்று அர்த்தம். எட்டு மாதத்தில் இந்த நாட்டில் என் பெயரைச் சொல்லி என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

எடுத்தாயிற்று என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டும். அந்தப் பிள்ளை வாசிக்கிற நேரத்தில் நான் இங்கே யோனாஸின் நாற்காலியில், கிணற்று மேட்டில் மேஸ்திரி நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் இகோர் இருந்த இடத்தில் இன்னொரு புதிய ஆள் வந்து நின்றான். அவன் பெயரை நான் படிக்கவில்லை.