ஆள்காட்டி விரலுக்காக ஒரு வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரும்புலியூரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கீபோர்டு வாங்கப் போகிறேன் என்றதும் எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்.

"ஆன்லைன்ல நானூறு ரூபாய்க்குக் கெடைக்குதே மேடம். அதுக்குப் போய் ஒரு நாளை வீணாக்கணுமா?"

"அந்த நானூறு ரூபாய் கீபோர்டுதான் சார் என் விரலைக் கெடுத்துச்சு" என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் பதிப்பகங்களுக்குத் தமிழில் டைப் செய்து கொடுப்பவள். எழுத்தாளர்கள் கையால் கிறுக்கித் தள்ளுவது என் மேசைக்கு வந்துதான் அச்சுக்குப் போகும். சில மாதங்களாக இடது ஆள்காட்டி விரல் வலிக்கிறது. டாக்டர் டைப்பிங்கைக் குறைக்கச் சொன்னார். குறைத்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. மேசையில் ஒரு தடித்த நாவல் காத்துக்கிடக்கிறது. அதை முடிக்க முடியாவிட்டால் குரோம்பேட்டையில் என் நாத்தனாரின் ஜவுளிக்கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான். முடிவைச் சீக்கிரம் சொல் என்று அவள் நெருக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் ஒத்துவராது.

முதலில் பல்லாவரம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஐந்து ரூபாய். வெள்ளிக்கிழமைச் சந்தையில் நல்ல பழைய கீபோர்டு கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் வந்து பார்த்திருக்க மாட்டார். ஆனால் சந்தையைக் குறை சொல்ல மாட்டேன். புறாவும் குக்கர் மூடியும் துருப்பிடித்த டம்பெல்லும் ஒரே தார்ப்பாயில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் யாராவது ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். எதையும் குப்பை என்று ஒதுக்காத ஊர் இது.

கீபோர்டுக் குவியல் வைத்திருந்தவர் ஒன்றை உருவி என் கையில் வைத்தார். செங்கல் கனம்.

"பேங்க்ல இருந்து வந்ததுக்கா. இருநூறு குடு. நீ சாவுற வரைக்கும் உழைக்கும்."

அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "அதுக்குள்ள என் விரல் செத்துடும்" என்றேன்.

"அப்போ நூத்தம்பது. இன்னாக்கா, விரலுக்கு அம்பது ரூபா கொறைச்சுகினேன், போதாதா?"

சிரித்துவிட்டேன். வாங்கவில்லை.

அங்கிருந்து செங்கல்பட்டு வண்டி. பொத்தேரியில் இறங்கும்போது பதினொன்றரை. வெயில் மண்டையைப் பிளந்தது. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் எங்கே திரும்பினாலும் மாணவர்கள்தான். முதுகுப்பை இல்லாத ஆள் நான் ஒருத்திதான். ஷேர் ஆட்டோக்காரர் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இறக்கிவிட்டார்.

நான்காவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவள் பவித்ரா, மூன்றாமாண்டு மாணவி. உதிரிபாகங்களை வரவழைத்து, காலேஜ் நண்பர்களுக்குக் கீபோர்டு கட்டிக்கொடுக்கிறாள். இணையத்தில் பேசிப் பழக்கம். உள்ளே அவளுடைய வகுப்புத் தோழன் அர்ஷத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க ஆன்ட்டி" என்றான்.

"அக்கான்னு கூப்பிடு, இல்லன்னா ஒண்ணும் கூப்பிடாத."

"வாங்க... வாங்க" என்றான். பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டில்மேல் துவைக்காத துணி மலை. மேசைமேல் மட்டும் அப்படியொரு சுத்தம். நகைக்கடைப் பெட்டி போன்ற தட்டுகளில் வகைவகையாக ஸ்விட்சுகள். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் இப்படி ஒன்று, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் கனத்தை கிராமில் சொல்கிறார்கள். எத்தனை கிராம் அழுத்தினால் எழுத்து விழும் என்பதுதான் கணக்கு. இத்தனை வருடமாக டைப் செய்கிறேன், என் விரல் எத்தனை கிராம் தூக்குகிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இந்தப் பிள்ளைகள் கேட்டார்கள்.

கீபோர்டின் வெளிக்கூடு அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று அரை மணி நேரம் சண்டை. அலுமினியம் அழகு என்றான் அர்ஷத். "அழகை வெச்சு நான் என்ன பண்ண?" என்று பிளாஸ்டிக்கை எடுத்தேன். கூடும் மின்பலகையும் சேர்த்து 3,400 ரூபாய். ஸ்விட்ச் ஒன்று 22. மேலே மாட்டும் எழுத்துத் தொப்பிகளில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஜப்பானிய எழுத்து இருக்கிறது, டிராகன் படம் இருக்கிறது, பூனைப் பாதம்கூட இருக்கிறது. தமிழ் இல்லை.

"எழுத்தே இல்லாதது குடு" என்றேன்.

"ப்ளாங்க் கேப்பா? எது எந்த கீன்னு எப்படிக்கா தெரியும்?"

"நான் கீபோர்டைப் பார்த்து அடிக்கிறவ இல்ல தம்பி. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்ல குனிஞ்சா மாஸ்டர் ஸ்கேலால தட்டுவாரு."

ஸ்விட்ச் தேர்வு சுலபமாக முடிந்தது. இவர்கள் எல்லோரும் செய்வதுபோல் நானும் நாலு ஆங்கில வாக்கியம் அடித்துப் பார்த்தேன். 55 கிராம் ஸ்விட்ச் வெண்ணெயாக இறங்கியது. பவித்ரா எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். பணம் கொடுக்கப் பர்ஸை எடுத்த நான், சும்மா ஒரு ஆசைக்கு அர்ஷத்தின் லேப்டாப்பில் தமிழ்99 தட்டச்சு முறையைப் போட்டு, பையில் இருந்த நாவலின் ஒரு தாளை அடிக்க ஆரம்பித்தேன். பக்கம் முடிவதற்குள் அதே விரல். அதே வலி.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நாத்தனார் கடையின் பில் மெஷின் கண்முன் வந்தது.

"எந்த கீக்கா?" என்றாள் பவித்ரா.

"எஃப்."

"எஃப்ஆ? அதை யாரும் அவ்ளோ யூஸ் பண்றதே இல்லையே!"

"இங்கிலீஷ்ல! தமிழ்ல அதுதான் புள்ளி. க், ச், ம் அப்படின்னு எல்லாத்துக்கும் அதைத்தான் அடிக்கணும். ஒரு வரியை வாசிச்சுப் பாரு, எத்தனை புள்ளி வருதுன்னு." என் கத்தல் எனக்கே அதிகமாகப் பட்டது. "மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த ஒண்ணை மட்டும் புடுங்கிட்டு லேசா ஒண்ணு போடு!"

பவித்ரா அர்ஷத்தைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் தட்டுகளில் கையை விட்டார்கள்.

35 கிராம் போட்டாள். விரலை மேலே வைத்தாலே புள்ளி விழுந்தது. திரை முழுக்கப் புள்ளி.

"அம்மை போட்ட மாதிரி இருக்குக்கா" என்றான் அர்ஷத்.

40 போட்டாள். விரல் களைத்துத் தொங்கும்போது அதிலும் புள்ளி விழுந்தது. தட்டில் 45 இல்லை. பவித்ரா தன்னுடைய கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்து, அதிலிருந்து ஒன்றைப் பிடுங்கி எனக்கு மாட்டினாள்.

"உன்னுது ஓட்டையா நிக்குமே?"

"ஸ்க்ரோல் லாக்குக்கா. அது எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

மூன்று பக்கம் அடித்தேன். பிறகு இன்னும் இரண்டு. வலி வரவில்லை. அர்ஷத் எனக்குப் பின்னால் நின்று நாவலைப் படித்துக்கொண்டிருந்தான். "அடுத்து என்னக்கா ஆகுது?" என்று கேட்டான். புத்தகம் வந்ததும் காசு கொடுத்து வாங்கிப் படி என்றேன். அந்த ஸ்விட்சுக்குப் பவித்ரா காசு வாங்கவில்லை. சிவப்பில் ஒரு தொப்பியும் எடுத்துப் புள்ளியின்மேல் மாட்டிவிட்டாள். நான் பார்த்து அடிக்க மாட்டேன் என்று தெரிந்தும் மாட்டினாள்.

எங்கள் தெருவில் ஒரு ஸ்பேனர் கேட்டால் எதற்கு, எப்போது திரும்பி வரும் என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இங்கே முன்பின் பார்க்காத ஒருத்தியின் ஒரு விரலுக்காகத் தன்னுடையதையே கழற்றுகிறார்கள்.

சாயங்கால ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கீபோர்டு மடியில் இருந்தது. முழு நாவலையும் இந்த விரல் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. அடித்துப் பார்த்தால்தான் தெரியும். பெருங்களத்தூர் தாண்டும்போது நாத்தனார் போன் செய்தாள்.

"என்ன அண்ணி, திங்கக்கெழமை கடைக்கு வர்றீங்கதானே?"

சிவப்புத் தொப்பியை ஒருமுறை அழுத்தினேன். லேசாக இறங்கி, தானாக மேலே வந்தது.

"வர்றேன்" என்றேன். "பொடவை எடுக்க."