இரண்டு வீட்டில் ஒருத்தி

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வேலை செய்த மென்பொருள் அலுவலகத்தின் வெள்ளைப் பலகையில், எங்கள் குழுத் தலைவர் ஒரு பெரிய வட்டம் போட்டு அதற்குள் சின்னச் சின்ன வட்டங்களை அடைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அக்குறணையிலும் கெலிஓயாவிலும் கிளை வைத்திருந்த தனியார் மருத்துவ நிலையம் ஒன்றின் நோயாளர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. “ஒரு வீட்டுச் சனம் முழுக்க ஒரே ஆவணத்துக்குள்ள இருக்கட்டும். ஆளுக்கொரு ஆவணம் வைச்சு, ஒண்டோட ஒண்டு இணைக்கத் தொடுப்புப் போட்டுத் தேடித் திரிய ஏலாது” என்றார். கல்யாணமாகிப் போகிறவர்களின் விவரத்தைப் பிரதி எடுத்துப் புது வீட்டு ஆவணத்தில் போட்டால் போயிற்று. கேட்க அழகாகத்தான் இருந்தது. மனுசர் அப்படி ஒரு வீட்டுக்குள் அடங்கிக் கிடப்பார்களா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அக்குறணைப் பெண் ஒருத்தி கெலிஓயாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் விவரம் இரண்டு ஆவணங்களில் ஆனது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தபோது பென்சிலின் ஊசி ஒவ்வாமல் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. தாய் பதறிச் சொன்னதை அக்குறணைக் கிளையில் பதிந்தார்கள். அது தாய் வீட்டு ஆவணத்தில் மட்டும் ஏறியது. “கம்பியூட்டர்ல போட்டாச்சி, இனி எங்க போனாலும் தெரியும்” என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்து புருஷன் வீடு போனவளுக்குக் கடுங்காய்ச்சல். நினைவு தடுமாறிக் கிடந்தவளைக் கெலிஓயாக் கிளைக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் திறந்தது புருஷன் வீட்டு ஆவணத்தை. அதில் ஒன்றும் இல்லை. அதே ஊசியைப் போட்டார். பிழைத்துவிட்டாள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதனால் என் மனம் ஆறிவிடவில்லை.

‘நோயாளி தரப்பு தகவல் தரவில்லை’ என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார் எங்கள் முதலாளி. அண்ணா அதை எழுதாமல், என்னையும் கூட்டிக்கொண்டு அவளைச் சேர்த்திருந்த கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். “பிழை என்ரதான் அம்மா. நீங்கள் சொன்னது ஒரு இடத்தில கிடந்தது, டாக்டர் பார்த்தது வேற இடம்” என்று அந்தத் தாயிடம் சொன்னார்.

ஏசப்போகிறார் என்று பயந்து நின்றேன். அந்தத் தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார்: “புள்ளட நோய மறச்சிக் கட்டிக் குடுத்துட்டேன்னு சம்மந்தி ஊட்ல சொல்றாங்க, தம்பி. நான் மறைக்கல்ல எண்டு அவங்கள்ட்ட வந்து சொல்லுவீங்களா?”

அண்ணா போய்ச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. அவருக்கு வேலை போனது.

ஆளுக்கொரு ஆவணம், வீடுகளுக்குத் தொடுப்பு மட்டும் என்று எல்லாவற்றையும் மாற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது யாருடைய விவரமும் இரண்டாய்ப் பிரிவதில்லை. அந்தப் பெண்ணுடைய ஆவணத்தில் ஒரே ஒரு தொடுப்புத்தான் இருக்கிறது, அக்குறணை வீட்டுக்கு. மற்றதைக் கெலிஓயாக்காரர்களே வந்து நீக்கச் சொன்னார்கள்.