பதிமூன்று மணிகளில் ஒரு டிக்கெட்

இரண்டாயிரத்து ஒன்பதில், தவக்காலம் தொடங்கிய வாரம். லண்டனில் இருந்த என் மகளுக்குத் தலைப்பிரசவம். துணைக்கு வேறு ஆள் இல்லை. நான்தான் போய்ச் சேர வேண்டும். வழியில் துபாயில் மகன் வீட்டில் இரண்டு நாள் தங்கல். அவன் சொன்னபடி கடலூரிலிருந்து பஸ் ஏறி, சிதம்பரத்தில் டிக்கெட் போடும் கடைக்குப் போனேன்.

“ரெண்டு பிளேன் ஏறி எறங்கணும். ஒரே டிக்கெட்டாம்மா?” என்று கடைப் பெண்ணிடம் கேட்டேன்.

“எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான் ஆயா. மொத மூணு எண்ணு கம்பெனியோடது, அடுத்த பத்து உங்களோடது. கம்ப்யூட்டர்லயே இருக்கும். ஆனா பேப்பரத் தொலைச்சிடாதீங்க.”

“கம்ப்யூட்டர்ல இருக்குன்னா பேப்பரு எதுக்கு? படிக்காதவதானேன்னு மெரட்டுறியா?”

சிரித்துவிட்டாள்.

எனக்கு எழுத்துதான் தகராறு, எண்கள் தெரியும். திரும்பும் பஸ்ஸில் ஜெபமாலையை எடுத்தேன். பெரிய மணிகளை விட்டுவிட்டால், சிலுவைக்கு அடுத்து மூன்று சின்ன மணி, பிறகு பத்து மணி. கணக்கு அப்படியே பொருந்தியது! மணிக்கு ஓர் எண்ணாக உருட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

விமானத்தில் சன்னலுக்கு வெளியே மேகம், பிச்சாவரத்துத் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. படகில் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். துபாயில் இறங்கியதும் காகிதத்தைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் டிக்கெட்டை எறிவதுதானே வழக்கம்?

இரண்டு நாள் கழித்து, “டிக்கெட் இருக்காம்மா?” என்று மகன் கேட்டபோதும், “எல்லாம் இருக்குடா, நீ டூட்டிக்குப் போ” என்று விமான நிலைய வாசலிலேயே அவனை அனுப்பிவிட்டேன்.

உள்ளே கவுண்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினாள். எழுத்து ஏதோ மாறியிருந்ததுபோல, என் பெயர் வரவில்லை. காகிதம் கேட்பதுபோலக் கையை நீட்டினாள். எனக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சு இல்லை. பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. வலி எடுத்து மகள் தனியாகக் கிடப்பதுபோலக் கண்முன் தெரிந்தது.

ஜெபமாலையை எடுத்தேன். ஒவ்வொரு மணிக்கும் விரல்களை விரித்துக் காட்டினேன். பூஜ்யத்துக்குக் கையை மூடினேன். அவளுக்குப் புரிந்தது, தட்ட ஆரம்பித்தாள். பத்தில் ஏழாவது மணியில் எண் மறந்துபோயிற்று. கண்ணை மூடி, சிலுவையிலிருந்து மறுபடி தொடங்கினேன். அந்தப் பெண் அவசரப்படவே இல்லை. சுற்றியிருந்த சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் போய், அவளும் நானும் சேர்ந்து ஜெபிப்பதுபோல இருந்தது. கடைசி மணியில் கண்ணைத் திறந்தேன். திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். காகிதத்தை எறிந்த கதையை மகனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போதும் ஜெபமாலையைத் தொட்டால் மந்திரத்துக்கு முன்னால் அந்த எண்கள்தான் நாக்கில் வந்து நிற்கின்றன. மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள், என்னை என் மகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்த அதுவும் ஒரு ஜெபம்தானே.