படகின் முன்பக்கத்தில் உட்காரவும்

தாம்பரத்தில் ஒரு கடல் ஆய்வு நிறுவனத்தில் தட்டச்சராக இருந்த கனகவல்லி, அதன் தீவு நிலையத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அங்கே பயிலரங்குக்குப் போகும் விஞ்ஞானிகளுக்கு வருஷாவருஷம் வழிக்குறிப்பு எழுதியது அவள்தான். ரயில் விவரங்களை ஸ்டேஷனில் கேட்டு எழுதினாள். ‘படகில் முன்பக்கம் உட்காரவும், எலுமிச்சம்பழத்தை முகரவும்’ என்பது மட்டும் அவள் சொந்தச் சரக்கு. பக்கத்து ஊரான படப்பைக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கே பலிக்காத வைத்தியம்.

1991இல் பயிலரங்கு வேலைக்கு அவளையே அனுப்பினார்கள்.

“படப்பை போறதுக்குள்ள வாந்தி எடுக்கிறவ, கடல்ல போய் இன்னா பண்ணப்போறே?” என்று சிரித்தான் கணவன் துரை.

“எடுக்காம வந்து காட்டறேன், பாருங்க.”

படகில் ஏறியதும் நேராக முன்பக்கம் போனாள்.

“அங்க வேணாம்க்கா, ஆட்டம் ஜாஸ்தி,” என்றார் படகோட்டி. “வர்ற சாருங்க எல்லாம் அங்கயே உக்காந்து வாந்தி எடுக்கறாங்க. எந்தப் புண்ணியவான் சொல்லிக் கொடுத்தானோ!”

கனகவல்லிக்குப் பகீரென்றது. ஆனாலும் எழுதியவளே இடம் மாறுவதா? பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். படகு தூக்கித் தூக்கிப் போட்டது. வயிறு அசையவே இல்லை. தீவில் ராணி மாதிரி இறங்கினாள்.

ஊர் திரும்பியதும் குறிப்பில் ‘முன்பக்கம்’ என்பதைப் ‘பின்பக்கம்’ என்று திருத்தினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை படப்பை பஸ்ஸில் வழக்கம்போல வாந்தி எடுத்தாள். துரை வாயைத் திறக்குமுன், “கடலையே தாண்டினவ நான். இது பஸ்ஸோட கோளாறு,” என்றாள்.