பத்து நிமிஷம் முந்திய கடிகாரம்

அண்ணனூர் தணிகைவேலுக்குச் சம்பளமே, கம்ப்யூட்டரின் அடிவயிறான கெர்னலுக்குள் ஓடும் கடிகாரத்தின் பிழைகளைத் திருத்தத்தான். எங்கோ ஒரு சர்வர் நேரத்தைத் துளி தவறாகச் சொன்னாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடியது. ரயிலைத் தவறவிடக் கூடாதென்று மனைவி வித்யா அப்படி வைத்திருந்தாள். ஞாயிறன்று யாரிடமும் சொல்லாமல் அதைத் திருத்திவிட்டார்.

திங்களன்று வித்யா வழக்கம்போல் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பினாள். ரயில் போய்விட்டது. பிளாட்பாரத்திலிருந்தே போன் செய்து கத்தினாள்.

“இப்பதாம்மா அது சரியா காட்டுது,” என்றார்.

“தப்பா காட்டுனது எனக்குத் தெரியும். சரியாக்கினது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்!”

போனை வைத்துவிட்டுத் தெருமுனைக்கு வந்தார். ஆபீஸ் பஸ்ஸும் போய்விட்டிருந்தது. திருத்தியவரும் பழக்கத்தில் பத்தைக் கழித்திருந்தார்.