உப்பள வரப்பில் எடுத்த வருகைப் பதிவு

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மதுரையில் பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் ஆறு ரூபாய் இருபது காசு. ஏப்ரல் மாத வெயிலில் அந்தப் பக்கம் போகிறவள் புத்தியுள்ளவளா என்று வீட்டில் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாக முத்துக்குளித்துறை என்று பூகோளப் பாடம் நடத்துகிறேன். ஒரு தடவைகூட அந்தக் கடலைப் பார்த்ததில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு இறங்கி, துறைமுகம் போகும் சாலையில் ஒரு கடையில் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன். முத்துக் குளிப்பதை எங்கே பார்க்கலாம் என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"நல்லாக் கேட்டிய போங்க. சிப்பி எடுத்துப் பல வருசமாச்சு. முத்துக் குளிச்ச ஆளுகள்லாம் இப்போ வள்ளத்துலயும் தோணியிலயும் போறாவ. நீங்க வேணும்னா உப்பப் பாத்துட்டுப் போங்க" என்றார் அண்ணாச்சி. பதினொரு வருடப் பாடம் அரை நிமிடத்தில் முடிந்தது.

உப்பைப் பார்க்க நான் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. முத்தையாபுரம் டவுன் பஸ்ஸில் இருபத்தைந்து காசு டிக்கெட்டுக்கு, இரண்டு பக்க ஜன்னலிலும் உப்புதான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் வெள்ளைக் குவியல்கள். கண் கூசவே, கண்ணாடியைக் கழற்றிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

முத்தையாபுரத்தில் கிரேஸ் காத்திருந்தாள். ஆசிரியப் பயிற்சியில் என்னோடு விடுதி அறையில் இருந்தவள், நாசரேத்துக்காரி. இப்போது முத்தையாபுரம் தொடக்கப் பள்ளியில் வேலை. பையை வாங்கியவுடனே, "ஏளா, நல்ல நாள் பாத்து வந்திருக்க. நாளைக்கு எங்க தெருவுக்கு ஆபீசர் வாராரு" என்றாள்.

'எங்க தெரு' என்று அவள் சொன்னது அவள் குடியிருக்கும் தெருவை அல்ல. சாயங்காலம் ஐந்து மணிக்கு அதைக் காட்டக் கூட்டிப் போனாள். அவள் வீடு இருக்கும் வடக்குத் தெருவில் குழாய் உண்டு, விளக்குக் கம்பம் உண்டு, காரை வீடுகள் உண்டு. அங்கிருந்து இருநூறு அடி நடந்தால் தெற்குத் தெரு. அங்கே நாற்பத்தொரு ஓலைக் குடிசைகள். கம்பம் வடக்குத் தெரு முனையோடு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டேன். யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எங்கள் ஊரிலும் கம்பங்கள் அப்படித்தான் நிற்கின்றன.

மாடத்தியை அங்கேதான் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், உப்பளத்தில் வேலை. கிரேஸ் என்னை அறிமுகப்படுத்தியதும், "வாங்க மருத டீச்சர்" என்று பெயரே வைத்துவிட்டாள். மதுரையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நாளைக்கு என்ன விசேஷம் என்று கேட்டேன். வீடு கட்டும் திட்டம் ஒன்று வந்திருக்கிறதாம். முதலில் மனைக்குப் பட்டா. பிறகு பாதி அரசுப் பணம், பாதி வங்கிக் கடன். பட்டா பெற்ற தெருவுக்குக் குழாயும் விளக்கும் சேர்ந்து வரும்.

"வடக்குத் தெரு லாரிக்கார அண்ணாச்சியோட அப்பாவும் எங்க மாமனாரும் ஒரே நாள்ல உப்பளத்து வேலைக்கு வந்தவுகதான், பாத்துக்கிடுங்க" என்றாள் மாடத்தி. "அவுகளுக்கு மனைக்குப் பத்திரம் குடுத்தாவ. அதை பேங்க்ல வச்சு ஒரு லாரி எடுத்தாவ. இப்போ மூணு லாரி ஓடுது. நாங்களும் அதே வேலதான் செஞ்சோம். எங்கள்ட்ட வைக்கதுக்கு என்ன இருக்கு? இந்த ஓலையவா வைக்க?"

"ஏற்கனவே பட்டியல் எடுக்கவில்லையா?" என்றேன்.

கிரேஸ் தலையில் அடித்துக்கொண்டாள். ஐப்பசி மாதம் எடுத்தார்களாம். ஐப்பசியில் மழை இறங்கினால் உப்பளத்துக்கு வேலை இல்லை. தெற்குத் தெருவே பிள்ளை குட்டியோடு ஸ்ரீவைகுண்டம் பக்கம் நடவுக்குப் போய், வயலோரத்தில் தங்கிவிடும். வருடா வருடம் நடப்பது, அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். பட்டியல் எடுக்க வந்தவருக்குத் தெரியவில்லை. நாற்பத்தொரு கதவிலும் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்து, 'குடியிருப்பவர் இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கிரேஸ் ஆறு மாதம் மனு மேல் மனு எழுதி, மறுபடி ஒரே ஒரு நாள் வாங்கியிருந்தாள். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மனுவில் பெயர் உள்ள பெண், வீட்டுக்கொருத்தி, வாசலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பட்டியலே முடிவு.

சனிக்கிழமை. விடிவதற்கு முன்பே பாத்திக்குப் போய்விடும் பெண்கள் அன்று கூலியை விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பூசிக் குளித்து, பிள்ளைகளுக்குத் தலை வாரி, கல்யாண வீடு தோற்றது போங்கள். ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. நான் கொண்டுபோன மக்ரூன் தெரு முழுக்கச் சுற்றித் தீர்ந்தது.

பத்தே கால் மணிக்குத் தென்கிழக்கே வானம் கறுத்தது. கோடையில் எப்போதாவது வரும் மழை. மதுரையில் என்றால் கைதட்டி வரவேற்றிருப்பேன். இங்கே பெண்கள் எல்லோரும் உப்பளப் பக்கம் திரும்பினார்கள். வாரம் முழுக்க வாரிக் குவித்த உப்பு உப்பளத்தில் திறந்து கிடந்தது. திங்கட்கிழமை எடை போட்டுத்தான் கூலி. ஓலை போட்டு மூடாவிட்டால் ஒரு வாரப் பாடு தண்ணீராய்ப் போய்விடும்.

"பாழாப் போன மழை, இன்னிக்குத்தானா வரணும்!" என்று ஒருத்தி எழுந்தாள். "ஆபீசரு?" என்றாள் இன்னொருத்தி. ஒரு இளம்பெண் என்னைப் பார்த்து, "மருத டீச்சர், நீங்க எங்க வீட்ல இருந்து நான்தான் பேச்சியம்மான்னு சொல்லிருங்களேன்" என்றாள்.

மாடத்தி என் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "இந்தக் காலைப் பாத்தா உப்புல நின்ன காலுன்னு எவன் நம்புவான்? பேச்சியம்மா, நீ சும்மா வாளா."

அவர்கள் பாதங்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வெளுத்து, வெடித்து, காய்ப்புக் காய்த்திருந்தன. அடுத்த நிமிடம் கதவுகளில் கயிற்றைக் கட்டிவிட்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எல்லோரும் உப்பளத்துக்கு ஓடினார்கள், மாடத்தியும்தான். தெருவில் கிரேஸும் நானும் சில கோழிகளும் மிஞ்சினோம்.

பத்தே முக்காலுக்கு ஜீப் வந்தது. வேறு எப்போது வரும்! அதிகாரி இறங்கினார். முப்பத்தைந்து வயது, பளபளவென்று பூட்ஸ். தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "போன தடவை மாதிரியேதான் இருக்கு" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்கள் ஒன்பது மணிக்கு வந்திருந்தால் நாற்பத்தொரு பேரையும் பார்த்திருக்கலாம்" என்றேன்.

"நீங்க யாரு?"

"நான் ஊர் பார்க்க வந்தவள். அவர்கள் அரை மைல் தூரத்தில் உப்பளத்தில் இருக்கிறார்கள். வாருங்கள், காட்டுகிறேன்."

"குடியிருக்கிற இடத்துலதான் பாக்கணும்மா. விதி அப்படி."

"என் வகுப்புப் பிள்ளை மைதானத்தில் நின்றால் நான் ஆப்சென்ட் போட மாட்டேன். எட்டிப் பார்த்துக் கூப்பிடுவேன்."

கிரேஸ் என் கையைக் கிள்ளினாள். பிறகு அவரிடம் தணிந்த குரலில், "சார், ஜீப்புல போனா மூணு நிமிசம். கூப்பிட்டுப் பாருங்க. ஆள் இல்லைன்னா எழுதிருங்க" என்றாள். அவர் வானத்தையும் கயிறு கட்டிய கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நாங்களும் கேட்காமலே ஏறிக்கொண்டோம்.

உப்பள வரப்பில் ஜீப் போகாது. மூன்றாவது அடியிலேயே அவர் பூட்ஸ் சேற்றில் புதைந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். உப்புச் சில்லு குத்த, "ஆ" என்றார். எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம், மறைக்க மாட்டேன். தூறல் விழத் தொடங்கியிருந்தது. பெண்கள் ஓலைக் கட்டுகளோடு குவியலுக்குக் குவியல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் வரப்பில் நின்று, தாளைச் சட்டைக்குள் நனையாமல் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"இசக்கியம்மாள்!"

"இருக்கேன் ஐயா!" ஓலையை இறக்காமலே பதில்.

"பேச்சியம்மாள்!"

"இங்கன இருக்கேன்!"

நாற்பது பேர் பதில் சொன்னார்கள். நாற்பதும் எழுதினார். கடைசிப் பெயர் மாடத்தி.

பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். கிரேஸ் கூப்பிட்டாள், நான் கூப்பிட்டேன். இசக்கியம்மாள்தான் ஒரு குவியலை மூடிக்கொண்டே சொன்னாள்: "அவ குறுக்குப் பாதையில வீட்டுக்கு ஓடிட்டா ஐயா. ஒருத்தியாவது வீட்ல இருக்கணும், இல்லன்னா தெருவே போயிரும்னு சொன்னா. அவ உப்ப நாங்கதான் மூடுதோம்."

திரும்பிப் போனோம். மழை பலத்துவிட்டது. நாற்பது கதவு கட்டிக் கிடந்த தெருவில், ஒரு வாசலில் மட்டும் மாடத்தி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையையும் விரித்து, தெருவையே காட்டினாள்.

"எல்லாரும் இருக்காவ ஐயா. யாரும் எங்கனயும் போகல. உப்புக்குத்தான் போயிருக்காவ."

அவர் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டே, அவள் குடிசைக்குள் குனிந்து நுழைந்தார். மடியில் தாளை விரித்து நாற்பத்தொன்றாவது பெயரை எழுதினார். 'குடியிருப்பவர் இல்லை' என்ற பழைய வரியை அடித்துவிட்டு, "திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பி வைக்கேன். மேலே கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

மாடத்தி அழுதாள். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில், எட்டயபுரம் தாண்டும் வரை, மதுரையில் எங்கள் தெருவைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவிடம் கேட்டேன், நம் மனைக்குப் பட்டா தர யாராவது வந்து பார்த்தார்களா என்று.

"யாரும் வரலையே. ஊர்க் கணக்குப்பிள்ளை அவர் வீட்டில் இருந்தபடியே எழுதிக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது நாங்கள் ராமேஸ்வரம் போயிருந்தோம். திரும்பி வந்துதான் வாங்கினோம்" என்றார்.

அந்தப் பட்டாவை அடகு வைத்துத்தான் என்னை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதற்காக எங்கள் வீட்டில் யாரும் ஒரு நாள் காலைகூட வாசலில் காத்திருந்ததில்லை.