இரவல் காதால் வாங்கிய எஞ்சின்

என் இடது காது மந்தம். இருபது வருடம் படகின் பின்பக்கத்தில் குந்தி எஞ்சின் பிடியைப் பிடித்தவனுக்கு வேறு என்ன மிஞ்சும்? அதனால் பழைய எஞ்சின் செத்தபோது, மாற்று எஞ்சின் பார்க்க மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன். மனைவியின் தம்பி. பதினைந்து வருடமாக என் படகில் முன்னுக்கு நின்று வலை இழுத்தவன். அவனுக்குப் பாம்புச் செவி.

என்னுடையது பழைய பைபர் படகு. எஞ்சின் பூட்டுகிற பின்பலகைக்குள் இருக்கும் மரம் ஊறிப்போயிருந்தது. பாரமான எஞ்சின் அதற்கு ஆகாது. அது பிளந்தால் எனக்கு வேறு படகு இல்லை, வேறு தொழிலும் தெரியாது. இதெல்லாம் அவனுக்கும் தெரியும். அந்தப் பலகைக்கு இரண்டு தரம் பைபர் ஒட்டியதே அவன்தான்.

கிண்ணியாவில் ஒரு வீட்டு முற்றத்தில், பாவித்த பதினைந்து குதிரைவலு எஞ்சின் ஒன்று விலைக்கு இருந்தது. இலேசானது. மூடியில் நீலப் பெயின்ரால் பிறை ஒன்று கீறியிருந்தார்கள். தண்ணீர் பீப்பாவுக்குள் இறக்கிக் கயிற்றை இழுத்தோம். முதல் இழுவையிலேயே ஸ்டார்ட் ஆனது. எனக்கு ஆசை வந்துவிட்டது. மச்சான் மூடிக்குக் கிட்டக் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் நின்றான்.

“வேண்டாம் அத்தான். உள்ளுக்க ஒரு கறகற சத்தம் கேக்குது. நடுக்கடல்ல காலை வாரி விட்டிடும்.”

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே?”

“உங்களுக்கு எங்க கேக்கப்போகுது!”

அவன் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன், மடையன்!

“நாப்பதைப் போடுங்கோ. பலகை தாங்கும், நான் சொல்றன்” என்றதும் அவன்தான். டவுனில் நாற்பது குதிரைவலு எஞ்சின் வாங்கிப் பூட்டினோம். அடுத்த மாதமே முழங்கால் ஏலாது என்று தொழிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பாவம் என்று நான் முழங்காலுக்குப் பூச எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

சோளகக் காற்று வீசிய ஒரு காலையில் தனியே போயிருந்தேன். துறைமுக வாய்க்கு வெளியே பின்பலகை பிளந்தது. எஞ்சின் ஒருபக்கம் சரிந்து தொங்க, வெடிப்பால் தண்ணீர் ஏறியது. சட்டையைக் கழற்றி வீசிக் காட்டினேன். எங்கள் கடலில் சட்டை வீசினால் கண்டவன் வந்து கட்டி இழுத்தே ஆகவேண்டும். பகையும் பார்ப்பதில்லை, கூலியும் கேட்பதில்லை. ஒரு படகு திரும்பி வந்தது. அதன் எஞ்சின் மூடியில் நீலப் பிறை. பிடியைப் பிடித்திருந்தவன் மச்சான். முழங்காலை நன்றாக மடக்கித்தான் குந்தியிருந்தான்.

அட பாவி! பதினைந்து வருடம் ஒரே பெட்டிச் சோறு தின்றோமே. அந்த எஞ்சின் வேண்டுமென்று கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனே. கூட இருந்து குழி பறித்துவிட்டானே!

“அத்தான், கயித்தைப் பிடியுங்கோ.” என் முகத்தைப் பார்க்காமல்தான் எறிந்தான்.

கையால் தொடவே அருவருப்பாக இருந்தது. ஆனால் படகு தாழ்ந்துகொண்டிருந்தது. கட்டினேன்.

தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே, கேட்கிற காதை அந்த எஞ்சின் பக்கம் திருப்பிவைத்திருந்தேன். கரை வரும்வரைக்கும் அந்தக் கறகற சத்தத்தைத் தேடினேன். ஒருதரமாவது கேட்டிருந்தால் அவனை மன்னித்திருப்பேன்.